பின்பெட்டி வைத்த வண்டியில் ஏறுவதும் இறங்குவதும்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்ற ஆண்டு ஆடி மாதத் தள்ளுபடியில் என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனுக்கு அலுமினியத் தகட்டில் செய்த 45 லிட்டர் பின்பெட்டி ஒன்றும், இருபுறமும் தொங்கவிடும் துணிப்பை ஒரு ஜோடியும் வாங்கினேன். பெட்டியும் அதைப் பூட்டுகிற அடித்தட்டும் சேர்த்து 11,800 ரூபாய், பைகள் 4,600 ரூபாய். அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைச் செம்மேட்டில் உள்ள மாமனார் வீட்டுக்கு இவற்றோடுதான் போய் வருகிறேன். மேலே போகும்போது மருந்தும் மளிகையும், கீழே வரும்போது மிளகும் வாழைத்தாரும் பலாப்பழமும் என்று இரண்டு வழியிலும் சுமை இருக்கும். தண்ணீர் புகுகிறதா, பூட்டு உறுதியா, கொடுத்த விலைக்குத் தகுமா என்று வண்டியைப் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களும் கீழே இருக்கின்றன. ஆனால் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி வண்டியில் ஏறுவதையும் இறங்குவதையும் பற்றியது. வாங்குவதற்கு முன் நான் யோசிக்காமல் விட்டது அதுதான். வாங்கிய பின் ஒவ்வொரு நாளும் என் உடம்பு சந்தித்ததும் அதுதான்.

முதலில் என் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஆளுக்கு ஆள் மாறும் விஷயம். எனக்கு வயது 52, உயரம் 165 சென்டிமீட்டர், வலது இடுப்பு மூட்டில் சில ஆண்டுகளாக ஒரு பிடிப்பு உண்டு. என்னிடம் இருப்பது 411 சிசி ஹிமாலயன். நிறுவனம் தரும் கணக்குப்படி இருக்கை உயரம் 800 மி.மீ., எரிபொருளோடு எடை 199 கிலோ. சமதளத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களின் முன்பகுதி தரையில் படும், குதிகால் படாது. பெட்டி இல்லாதபோது இதனால் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. இருபது வயதில் பழகிய அதே முறையில், இடப்பக்கம் நின்று, வலது காலைப் பின்னால் வீசி, இருக்கையின் வால்பகுதிக்கு மேலாகத் தூக்கிப் போட்டு ஏறிவிடுவேன்.

பெட்டி வந்த அன்றே அந்த வழி அடைபட்டது. வண்டியின் பின்கேரியர் தரையிலிருந்து ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் அடித்தட்டு, அதன்மேல் 32 சென்டிமீட்டர் உயரப் பெட்டி. பெட்டியின் மூடி என் மார்புக்கு நேராக நிற்கிறது. அவ்வளவு உயரத்துக்குக் காலை வீசுவது நடனம் கற்றவர்களுக்கு இயலலாம். எனக்கு இயலாது, என் வயதில் உள்ள பெரும்பாலோருக்கும் இயலாது. மிச்சமிருக்கும் ஒரே வழி, பெட்டியின் முன்முகத்துக்கும் டேங்கின் பின்விளிம்புக்கும் நடுவில் உள்ள இருக்கைப் பகுதி. கடைக்காரர் முதலில் மாட்டிக் கொடுத்த நிலையில் அந்த இடைவெளியை அளந்தபோது 54 சென்டிமீட்டர்தான் இருந்தது. ஷூ போட்ட என் பாதம் மட்டுமே 29 சென்டிமீட்டர். அந்தப் பாதத்தை நீட்டிய காலோடு வட்டமாகச் சுழற்றிக் கொண்டு வந்தால் குதிகால் பெட்டியின் இடது முன்மூலையில் இடித்தே தீரும். முதல் மாத முடிவில் அந்த மூலையில் ஷூவின் கருப்பு ரப்பர் கோடுகளை எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று. அலுமினியத்தின் மங்கிய வெள்ளை நிறத்தில், விரல் நீளத்தில், எல்லாம் ஒரே சாய்வில் விழுந்திருந்தன.

ஏறும்போது இடிப்பதால் பெரிய கேடு வராது. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, நம் எடை இன்னும் தரையில் இருக்கிறது, காலைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். இறங்கும்போது இடிப்பதுதான் ஆபத்து, அதை நான் ஒரு பெட்ரோல் பங்கில் கற்றுக்கொண்டேன். பெட்ரோல் போட்டு முடித்து, பணம் கொடுக்க இறங்கினேன். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் அவசரத்தில் சைடு ஸ்டாண்டைத் தள்ளாமலே, வண்டியை இரு கைகளாலும் பிடித்தபடி வலது காலைப் பின்வழியாக எடுத்தேன். குதிகால் பெட்டியின் வலது விளிம்பில் மாட்டிக்கொண்டது. கால் வந்த வேகம் பெட்டியை என் பக்கமாகத் தள்ளியது; நான் நின்றதோ இடது கால் ஒன்றில். இருநூறு கிலோ எடை மெதுவாக என் தொடைமேல் சாய்வதை உணர்ந்தேன், ஆனால் மறுகால் இன்னும் இருக்கைக்கு மேலேயே இருந்தது, ஊன்ற வழியில்லை. பங்கில் வேலை செய்யும் ஒரு தம்பி பாய்ந்து வந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார். அவர் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால் என் முழங்கால் வண்டிக்கும் சிமெண்ட் தரைக்கும் நடுவில் அகப்பட்டிருக்கும். அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன், பத்து நாள் மாட்டவில்லை.

மறுபடி மாட்டியதற்குக் காரணம் ஒரு முட்டை வியாபாரி. நாமக்கல்லில் இருப்பவர்களுக்கு இது தினசரிக் காட்சிதான். தட்டுக்கு முப்பது முட்டை என்று அடுக்கடுக்காகப் பின்கேரியரில் ஏற்றி, டியூப் ரப்பரால் இறுக்கி, தன் தோள் உயரத்துக்குச் சுமையைக் கட்டிக்கொண்டு சாதாரண நூறு சிசி பைக்கில் ஒருவர் கடை கடையாகப் போவார். அவர் குதிகால் ஒரு தட்டைத் தொட்டாலும் அன்றைய லாபம் போய்விடும். எங்கள் தெருக் கடைக்கு வருபவர் ஏறுவதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. அந்தப் பத்து நாள்களில் ஒரு காலை அவர் ஏறுவதை அருகில் நின்று பார்த்தேன். அவர் காலைப் பின்னால் கொண்டு போகவே இல்லை. வண்டியைத் தன் இடுப்போடு சற்றுச் சாய்த்துக்கொண்டார், உடம்பை ஹேண்டில்பார் மேல் குனித்தார், வலது முழங்காலை மடக்கி டேங்கும் இருக்கையும் சேரும் இடத்துக்கு மேலாக முதலில் அனுப்பினார், கணுக்காலும் பாதமும் அந்த முழங்காலுக்குப் பின்னாலேயே, உடம்புக்கு ஒட்டியபடி, வந்து சேர்ந்தன. பார்ப்பதற்குச் சுவர் ஏறிக் குதிப்பவர் காலை மடக்குவது போலிருந்தது. தட்டுகளுக்கும் அவர் காலுக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

அவரிடமே கேட்டேன். “முழங்காலு போனா பாதம் தானா வரும் சார், பாதத்தை முன்னாடி அனுப்பினாத்தான் தட்டு ஒடையும்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை ஏதேனும் ஒரு பெட்டியின் விளக்கத் தாளில் அச்சிட்டிருந்தால் எனக்குப் பதினொரு கோடுகளும் ஒரு பெட்ரோல் பங்குப் பயமும் மிச்சமாகியிருக்கும். பெட்டி தயாரிப்பவர்கள் கொள்ளளவை லிட்டரிலும், தகட்டின் கனத்தை மில்லிமீட்டரிலும் சொல்கிறார்கள். மாட்டிய பிறகு இருக்கையில் எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சும் என்பதை நான் விசாரித்த எந்தக் கடையிலும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை. என் மதிப்பீட்டில் அந்த எண்தான் முதல் எண்.

இப்போது நான் ஏறும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வண்டி சைடு ஸ்டாண்டில், முதல் கியரில் நிற்கட்டும். இடப்பக்கம் நின்று இரு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கை விரல்களால் முன்பிரேக்கை அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் பிடிபட்டிருந்தால்தான் உடம்பின் எடை சாயும்போது வண்டி முன்னே உருளாது. ஸ்டாண்டில் நிற்கும் வண்டி ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் இருக்கை நமக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்து கிடைக்கிறது. வண்டியை நிமிர்த்திவிட்டு ஏறினால் அந்த உதவியை இழக்கிறோம். பிறகு மார்பை டேங்க் பக்கம் குனிந்து, முழங்காலை மடக்கி, டேங்கை ஒட்டியே மேலே கொண்டு போய், மறுபக்கம் இறக்க வேண்டும். பாதம் மறுபக்கத் தரையைத் தொட்ட பின்னர்தான் வண்டியை நிமிர்த்துவதும், ஸ்டாண்டைத் தட்டுவதும். இறங்குவதற்கு இதே வரிசை தலைகீழ்: ஸ்டாண்டை முழுவதும் தள்ளி, வண்டியின் எடையை அதன்மேல் சாய்த்து, அது பிடித்துக்கொண்டது என்று தெரிந்த பிறகே முன்னால் குனிந்து முழங்காலை எடுக்க வேண்டும். ஸ்டாண்டு போடாமல் இறங்குவதை நான் முற்றிலும் விட்டுவிட்டேன், பங்கில் எத்தனை பேர் பின்னால் காத்திருந்தாலும் சரி.

இடது ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று, குதிரை ஏறுவது போல மறுகாலைப் போடும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். உயரமான வண்டிக்கு அது எளிது என்பது உண்மைதான். ஆனால் பெட்டியும் பைகளும் நிறைந்த வண்டியில் அதைச் செய்யும்போது வண்டியின் சாய்வெடை, சுமை, நம் உடம்பு ஆகிய மூன்றும் சைடு ஸ்டாண்டு என்ற ஒரு விரலளவுக் கம்பியின் மேலும், அதை வண்டியோடு இணைக்கும் ஒரே ஒரு போல்ட்டின் மேலும் இறங்குகின்றன. என் மெக்கானிக் தன் பட்டறையில் கழற்றி வைத்திருந்த ஒரு ஸ்டாண்டைக் காட்டினார். போல்ட் ஓட்டை வட்டம் போய் முட்டை வடிவமாகியிருந்தது, அந்த வண்டிக்காரர் தினமும் அப்படித்தான் ஏறுவாராம். சித்திரை வெயிலில் தார் இளகிய சாலையில் ஸ்டாண்டின் நுனி இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த முறை எனக்கு ஏற்புடையதல்ல. உயரம் போதவில்லை என்றால் பஸ் நிறுத்தத்தின் திட்டையோ நடைபாதை விளிம்பையோ இடப்பக்கம் வைத்து நிறுத்தி, அதன்மேல் நின்று ஏறுவது நல்லது. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரம் கூடினாலே முழங்கால் சுலபமாகப் போய்விடுகிறது. நம் நாட்டில் சாலையின் இடப்பக்கமே செல்வதால் திட்டையும் ஸ்டாண்டும் ஒரே பக்கம் அமைகின்றன, போக்குவரத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியதும் இல்லை.

பெட்டிக்குத் திரும்புகிறேன். இதன் அடித்தட்டில் நீளவாக்கில் மூன்று நிலைகள் இருக்கின்றன. கடைக்காரர் மாட்டித் தந்தது முன்நிலை. இடைவெளி 54 சென்டிமீட்டர். கடைசி நிலைக்குத் தள்ளினால் 61 சென்டிமீட்டர் கிடைக்கிறது. அந்த ஏழு சென்டிமீட்டர் ஏறுவதற்குப் பெரிய விடுதலையாக இருந்தது, ஆனால் மலைப்பாதையில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டி பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போகப் போக, பின்சக்கரத்தை ஊன்றுகோலாக வைத்து நெம்புவது போல முன்சக்கரத்தின் எடையைக் குறைக்கிறது. கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. முதல் இருபதைத் தாண்டுவதற்குள்ளேயே ஹேண்டில்பார் லேசாகிவிட்டதும், வளைவை விட்டு வெளியேறும்போது முன்சக்கரம் தயங்குவதும் கையில் தெரிந்தது. சோளக்காட்டில் நிறுத்தி நடுநிலைக்கு மாற்றினேன். இப்போது இடைவெளி 57.5 சென்டிமீட்டர், முழங்கால் முறைக்கு இது போதும், வண்டியும் வளைவில் சொன்னபடி கேட்கிறது. இப்படி நகர்த்திப் பார்க்க வாய்ப்பு தருவதை இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த குணமாகக் கருதுகிறேன். வேறு கடைகளில் பார்த்த சில பெட்டிகளின் அடித்தட்டில் ஒரே நிலைதான் இருந்தது. அவற்றில் கடைக்காரர் துளையிட்ட இடமே நிரந்தரம்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் ஏறி இறங்குவதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இருக்கையில் அமர்ந்து ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்துகிறோமே, அந்த ஒரு கணத்தில்தான் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் தன்னைக் காட்டும். உயரத்தில் உள்ள எடை நெம்புகோலின் நுனியில் உட்கார்ந்திருப்பது போல. நான் ஒருமுறை 8 கிலோ பலாப்பழத்தைப் பெட்டியில் வைத்து வந்தேன். இன்னொரு முறை அதே அளவுப் பழத்தை இடப்பக்கப் பையிலும், மளிகையை வலப்பக்கப் பையிலும் வைத்தேன். முதல் முறை நிமிர்த்த இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது, இடுப்பு மூட்டு அன்று முழுவதும் நொந்தது. இரண்டாம் முறை எதுவும் தெரியவில்லை. கனமானதைக் கீழே தொங்கும் பைகளிலும், மழைக்கோட்டு, துணி, ரொட்டி போன்ற லேசானவற்றைப் பெட்டியிலும் வைப்பது என்று அன்றிலிருந்து வழக்கப்படுத்திக்கொண்டேன். பெட்டியின் உள்மூடியில் 5 கிலோவுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று ஒட்டியிருக்கிறார்கள். 45 லிட்டர் கொள்ளளவைப் பார்த்து வாங்குபவர்கள் அந்த ஒட்டுத்தாளை மாட்டிய பிறகுதான் படிக்கிறார்கள், நானும் அப்படியே.

மலையில் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பது பாதி வேலை. கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் சாலை சாய்ந்திருக்கும். அங்கே இடப்பக்கம் தாழ்வாக நிறுத்தினால் வண்டி ஸ்டாண்டின் மேல் அதிகமாகச் சாய்ந்துவிடுகிறது, உட்கார்ந்த பின் நிமிர்த்த முடிவதில்லை. இடப்பக்கம் மேடாக நிறுத்தினால் அதைவிட மோசம்: வண்டி நேராக நிற்கும், ஏறும்போது முழங்கால் கொடுக்கும் சிறு தள்ளலே அதை வலப்பக்கம் கவிழ்த்துவிடும், அந்தப் பக்கம் தாங்க ஸ்டாண்டும் கிடையாது, நம் காலும் கிடையாது. சமதளம் கிடைக்கும்வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவதே சரி. ஏற்றத்தில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் முன்சக்கரம் மேட்டைப் பார்த்தபடி, முதல் கியரில் நிற்க வேண்டும். இறக்கத்தைப் பார்த்து நியூட்ரலில் நிறுத்திய வண்டி நாம் ஏறும்போது முன்னே நகர்ந்து ஸ்டாண்டை மடக்கிவிடும்.

பின்னால் உட்காருபவரைப் பற்றி இனி. இந்தப் பொருளில் எனக்கு உள்ள பெரிய மனக்குறை இதுதான், அதைப் பெட்டியின் மேல் சுமத்துவதைவிட மாட்டிக்கொடுத்த கடையின் மேல் சுமத்துவது நியாயம். பைகள் சக்கரத்தில் உரசாமலிருக்க இருபுறமும் கம்பிச்சட்டம் பொருத்த வேண்டும் என்றார்கள். சட்டத்துக்கு இடம் வேண்டும் என்று வண்டியோடு வந்த சேலை கார்டையும் என்னிடம் கேட்காமலே கழற்றி, ஒரு பழைய சாக்கில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். என் மனைவி சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து வருபவர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும், கால்வைக்கும் இடமும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த விதி எழுதப்பட்டதே என் மனைவியைப் போன்றவர்களின் முந்தானைக்காகத்தான். காலியாக இருக்கும் துணிப்பை சக்கரத்தை மறைக்காது, காற்றில் படபடக்கும். மறுவாரமே இன்னொரு பட்டறையில் சட்டத்தை இரண்டு அங்குலம் வெளியே நகர்த்தி, சேலை கார்டைத் திரும்பப் பொருத்தினேன். அதற்கு 900 ரூபாய் ஆயிற்று. உங்கள் வண்டியில் இதைக் கழற்றவேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சேலை கார்டு திரும்பி வந்த பிறகும் இடப்பக்கப் பை இருக்கும்போது ஒருபக்கமாக உட்கார முடியாது. கால் தொங்க வேண்டிய இடத்தில் பை இருக்கிறது. ஆகவே இருவரும் போகும் நாளில் பைகள் வீட்டில் இருக்கும், பெட்டி மட்டும் வரும். மலைக்குப் போகும் நாளில் மனைவி சுடிதாரில், இருபக்கமும் கால்போட்டு வருகிறார். அவர் ஏறுவதற்குத்தான் நாங்கள் அதிகம் பழக வேண்டியிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டால் என் முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவில் மிஞ்சுவது முப்பது சென்டிமீட்டர்கூட இல்லை. அவர் இடது ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்று, என் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டு, முழங்காலை முதலில் அந்தச் சந்தில் விட வேண்டும். அதற்காக நான் டேங்கின் மேல் வயிறு படும்படி முன்னே நகர்ந்து குனிந்துகொள்கிறேன். என் இரு கால்களும் தரையில் ஊன்றியிருக்கும், முன்பிரேக் பிடிபட்டிருக்கும், ஸ்டாண்டு மடங்கியிருக்கும். நான் “ம்” என்று சொன்ன பிறகே அவர் ஏற வேண்டும், நான் “சரி” என்று சொன்ன பிறகே இறங்க வேண்டும் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். இறங்கும்போது அவர்தான் முதலில், எப்போதும். ஏறிய பின் பெட்டி அவருக்கு முதுகுச்சாய்வாக இருப்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. ஏற்றமான வளைவுகளில் பின்னால் சரிந்துவிடுவோமோ என்ற பயம் போய்விட்டது என்கிறார்.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். பைக்கில் வைக்கும் பெட்டிக்கு 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம் என்ற மேல்வரம்பை 2020ஆம் ஆண்டில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வகுத்தது. பின்னிருக்கையின் இடத்தில் பெட்டியை வைத்தால் ஓட்டுநர் மட்டுமே போகலாம். பின்னிருக்கைக்கு அப்பால் வைத்தால், மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்வரை, இன்னொருவரும் போகலாம். என் பெட்டி 430 மி.மீ. அகலம், 380 மி.மீ. நீளம் என்பதால் தாராளமாக உள்ளே அடங்குகிறது. உணவு விநியோகம் செய்யும் தம்பிகள் சிலர் பின்னிருக்கைமேல் கட்டும் பெரிய சதுரப் பைகளைப் பார்க்கும்போது அவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை அந்தச் சந்துக்குள் முழங்காலை மடக்கி இறக்குகிறார்கள் என்று எண்ணி வருந்துகிறேன். பைகளை வடிவமைப்பவர்கள் அவர்களோடு ஒரு மாலையாவது கூடவே போய்ப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு முறை மட்டும், அதுவும் மூடியின் பின்விளிம்பில், சில துளிகள் உள்ளே வந்தன. ரப்பர் விளிம்பைத் துடைத்துச் சரியாக அழுத்தியபின் வரவில்லை. பூட்டு சற்றுக் கடினம், சாவியை இரண்டு தடவை திருப்ப வேண்டும். கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும். காலியான பெட்டி சாலைக் குழிகளில் தகரச் சத்தம் போடுகிறது. உள்ளே ஒரு பழைய போர்வையை விரித்திருக்கிறேன். பக்கக் கொக்கிகள் வெளியே துருத்தியிருப்பது குறை. மழைக்கால்சட்டையின் தொளதொளத்த கால்முனை ஒருமுறை அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. கால்முனையை ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொண்ட பிறகு அது நேரவில்லை. வேட்டியோடு முழங்கால் முறையில் ஏறுவது சிரமம் என்பதையும் சொல்ல வேண்டும். மடித்துக் கட்டினாலும் துணி தொடையை இழுக்கிறது. திருமண நாள்களில் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன்.

துணிப்பைகள் அவற்றின் விலைக்கு நல்லவை. அகலம் குறைவு, கீழே தொங்குவதால் ஏறும் காலுக்கு அவை தடையே இல்லை. அவற்றின் மேல்பட்டை இருக்கையின் குறுக்கே ஓடுவதால் உட்காரும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு தெரிகிறது, அவ்வளவுதான். பெட்டியா பையா, ஒன்றுதான் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், தனியாக ஓட்டுபவருக்குப் பையைத்தான் சொல்வேன். பின்னால் வழக்கமாக ஒருவர் உட்காருவார் என்றால் பெட்டி. இருக்கைமேல் குறுக்காகக் கட்டும் நீளப் பைகளை ஒருமுறை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். இருபக்கமும் துருத்திக்கொண்டு, முழங்காலுக்கு இருந்த இடைவெளியையும் அடைத்துவிடுவதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புதிதாக வண்டியும் பெட்டியும் சேர்த்து வாங்க நினைப்பவர்கள் வண்டியின் இருக்கை உயரத்தைப் பெட்டியின் உயரத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டும். மீட்டியார் 350இன் இருக்கை 765 மி.மீ., கிளாசிக் 350இன் இருக்கை 805 மி.மீ., புதிய ஹிமாலயன் 450இன் இருக்கை 825 மி.மீ. (அதை 845 வரை உயர்த்தவும் செய்யலாம்). காகிதத்தில் இந்த வித்தியாசம் சிறிதாகத் தெரியும். பின்வழி அடைபட்ட பிறகு ஒவ்வொரு இரண்டு சென்டிமீட்டரையும் இடுப்பு மூட்டு எண்ணும். கனமான சுமையை மட்டும் பக்கத்து ஊருக்குக் கொண்டு போக வேண்டியவர்களுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் 100தான் என் முதல் பரிந்துரை. முன்னால் உயரமான டேங்க் குறுக்கிடாத அந்த வண்டியில் கால் நடந்து போவது போல உள்ளே போகிறது, பின்னால் கட்டிலையே கட்டியிருந்தாலும் ஏறுவதற்குத் தடை இல்லை. நம் ஊர்ப் பால்காரரும் துணி வியாபாரியும் அதை விடாமல் வைத்திருப்பதற்கு மைலேஜ் மட்டும் காரணமல்ல.

கடைக்குப் போகிறவர்கள் ஷூவும், வழக்கமாக ஓட்டும்போது போடும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு போங்கள். பெட்டியைத் தற்காலிகமாக வைக்கச் சொல்லி, பணம் கட்டுவதற்கு முன் பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். பின்னால் உட்காருபவரையும் அழைத்துப் போய் அவரையும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பெட்டி இல்லாத நாளிலும் முழங்கால் முறையிலேயே ஏறுங்கள்; ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி என்று ஏறினால் உடம்பு பழைய வழக்கத்துக்கே திரும்பும், பெட்டி இருப்பதைக் குதிகால்தான் முதலில் கண்டுபிடிக்கும். எனக்கு அது பழக ஏழெட்டு வாரம் ஆயிற்று. போன மாதம் பெட்டியின் முன்மூலைகள் இரண்டுக்கும் ரப்பர் உறை வாங்கி ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் அந்தப் பதினொரு கோடுகளையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து எடுத்தேன். பன்னிரண்டாவதாக அங்கே எதுவும் இல்லை.